சம்பளப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு நூலகம்

திருப்பூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது பனியன். ஆனால் ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூலைத் துணியாக்கும் நிட்டிங் ஓரிடத்தில் நடக்கும். சாயம் ஏற்றுவது சாயப்பட்டறையில். அச்சு வேலை வேறோரிடத்தில். வெட்டுவதும் தைப்பதும் மற்றோரிடத்தில். இத்தனை கைகள் மாறிய பின்னும் கடைசியில் ஒரே அளவில், ஒரே வடிவில் ஆயிரக்கணக்கான உருப்படிகள் வெளிவருகின்றன. இது எப்படி இயலுகிறது?

கட்டிங் மேஜையில் இதற்கு விடை இருக்கிறது. அடுக்கி வைத்த துணியின்மேல் அட்டையில் வெட்டிய ஒரு மாதிரி வைக்கப்படுகிறது. அதைப் பேட்டர்ன் என்பார்கள். 80, 85, 90 என ஒவ்வோர் அளவுக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டை சரியாக இருந்தால் அடுக்கில் உள்ள அத்தனை துணியும் சரியாக வெட்டுப்படும். அட்டையில் கால் அங்குலம் தவறினால் அத்தனையும் தவறும். வாங்குபவர் கழுத்தளவை மாற்றிவிட்டால் புதிய அட்டை வெட்டவேண்டும். அதைவிட முக்கியமானது, பழைய அட்டையை மேஜையிலிருந்து அகற்றுவது. பழைய ஆர்டரில் மீதமிருந்தால் அந்த அட்டையை எறிந்துவிடவும் கூடாது. தேதியிட்டுத் தனியே வைக்கவேண்டும்.

அதே நிறுவனத்தின் அலுவலகக் கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய அட்டைகள் இருக்கின்றன. சம்பளம், பி.எப்., இ.எஸ்.ஐ., வரி ஆகியவற்றைக் கணக்கிடும் பொது நிரல்களே அவை. அவற்றை எப்படிப் பகிர்ந்துகொள்வது, மாறும்போது எந்த மாற்றம் எப்போது வந்தது என்று எப்படி அறிவது என்ற கேள்விக்கு ஏறக்குறைய 75 ஆண்டு வரலாறு உண்டு. அதைக் காண்போம்.

நாடாச் சுருள்களின் அலமாரி

கணிப்பொறிக்கு இடும் ஆணைகளின் வரிசையே நிரல். தொடக்க காலத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய நிரலை முதல் வரியிலிருந்து தாமே எழுதினர். வர்க்கமூலம் காண்பதற்கும் எண்ணை அச்சிடுவதற்கும் வேண்டிய ஆணைகளை ஒருவர் எழுதி முடித்திருப்பார். பக்கத்து மேஜைக்காரர் அதையே மறுபடி எழுதிக்கொண்டிருப்பார். எழுதுந்தோறும் புதிய பிழைகளும் பிறந்தன.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அமைத்த எட்சாக் என்னும் கணிப்பொறி 1949 மே 6 அன்று முதன்முதலாக இயங்கியது. அங்கேதான் இதற்கு ஒரு நல்ல வழி பிறந்தது. அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துணைநிரல்களாக எழுதிச் சோதித்து, துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து, ஓர் அலமாரியில் அடுக்கி வைத்தனர். 1951-க்குள் 87 துணைநிரல்கள் சேர்ந்துவிட்டன. வேண்டியவர் நாடாவை எடுத்துச் சென்று, அதன் துளைகளைத் தம் நாடாவில் இயந்திரத்தால் படியெடுத்துக்கொள்வார். மூல நாடா மீண்டும் அலமாரிக்குப் போய்விடும். நிரல் நூலகம் என்னும் சொல் அங்கே உவமையாக வழங்கவில்லை. உண்மையிலேயே அது ஒரு நூலகமாகத்தான் இருந்தது.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. பல இடங்களிலிருந்து அழைக்கப்படும் துணைநிரல், தன் வேலை முடிந்ததும் எந்த இடத்துக்குத் திரும்பவேண்டும் என்று எப்படி அறியும்? டேவிட் வீலர் என்ற இளைஞர் வழி கண்டார். முதன்மை நிரல் துணைநிரலுக்குத் தாவுமுன் தான் நிற்கும் இடத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தாவும். துணைநிரல் முதல் வேலையாக அந்த எண்ணைக் கொண்டு திரும்பிச் செல்லும் ஆணையைத் தன் கடைசி வரியில் எழுதிக்கொள்ளும். போகும்போதே திரும்பி வரும் டிக்கெட்டையும் எடுத்துக்கொள்வது போன்றது இது. வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இம்முறைகளை விளக்கி 1951-இல் வெளியிட்ட நூல், நிரல் எழுதும் கலையைப் பற்றிய முதல் பாடநூல்களில் ஒன்றாகும்.

தேநீர்க் கம்பெனியின் சம்பளக் கணக்கு

இந்த வழி விஞ்ஞானக் கணக்குகளிலிருந்து வியாபாரக் கணக்குகளுக்கு வந்த கதை சுவையானது. லண்டனில் லயன்ஸ் என்னும் நிறுவனம் தேநீர்க் கடைகளையும் ரொட்டித் தொழிற்சாலைகளையும் நடத்திவந்தது. பல்லாயிரம் ஊழியர்களின் கணக்கை எழுதிச் சலித்த அந்நிறுவனம், எட்சாக்கை முன்மாதிரியாகக் கொண்டு லியோ என்ற கணிப்பொறியைத் தானே கட்டியது. 1951 நவம்பரில் ரொட்டிப் பிரிவின் மதிப்பீட்டுக் கணக்கை அது போட்டது. பிறகு ஊழியர்களின் சம்பளக் கணக்கும் அதற்கு மாறியது.

விஞ்ஞானக் கணக்குக்கும் வியாபாரக் கணக்குக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வர்க்கமூலம் காணும் விதி என்றும் மாறாது. சம்பளம் காணும் விதியோ மாறிக்கொண்டே இருக்கும். அரசு வரியை மாற்றும். சங்கம் ஊதிய உயர்வு பெறும். ஆகவே வியாபார நிரல் நூலகத்தில் அலமாரி மட்டும் போதாது. அலமாரியில் உள்ளது எந்தத் தேதிக்கு உரியது என்ற குறிப்பும் வேண்டும்.

1959-60-இல் அமெரிக்காவில் கோபால் என்னும் வியாபார மொழி உருவானது. அதில் காப்பி என்ற ஆணை இடம்பெற்றது. ஊழியர் எண், பெயர், சம்பளம் ஆகியவை எந்த வரிசையில், எத்தனை இலக்கத்தில் இருக்கும் என்ற விவரத்தை ஒருமுறை பொது இடத்தில் எழுதிவைத்தால், ஒவ்வொரு நிரலும் ஒரே வரியில் அதை வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் நிரல் இயந்திர மொழிக்கு மாற்றப்படும் நேரத்தில்தான் அந்தப் படி எடுக்கப்படும். பொது விவரம் பின்னர் மாறினால், ஏற்கனவே மாற்றி முடித்த நிரல்கள் அதை அறியமாட்டா.

1968-இல் ஜெர்மனியில் கார்மிஷ் நகரில் நடந்த மாநாட்டில் டக்ளஸ் மக்கில்ராய் என்ற அறிஞர் ஒரு கனவை முன்வைத்தார். ஆலைகளில் உறுப்புகளை ஆயத்தமாகச் செய்து விற்பது போல், நிரல் உறுப்புகளையும் அளவு வாரியாக, தர வாரியாகச் செய்து பட்டியலிட்டு விற்கவேண்டும் என்றார். பனியன் அட்டைகளை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணம் புதியதன்று.

பனியன் நகருக்கு வந்த கணிப்பொறி

இந்தியாவில் 1960-களில் ரயில்வே போன்ற பெரிய நிறுவனங்களில் ஐ.பி.எம். 1401 கணிப்பொறிகள் துளையட்டைகளைக் கொண்டு சம்பளப் பட்டியல் போட்டன. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. சிறு நிறுவனங்களுக்கு அத்தகைய இயந்திரங்கள் எட்டாக் கனியாகவே இருந்தன. 1984 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த கணிப்பொறிக் கொள்கை இறக்குமதி விதிகளைத் தளர்த்தியபின், மேஜைமேல் வைக்கும் சிறு கணிப்பொறிகள் மெல்லப் பரவின. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வளர்ந்த காலமும் அதுவே. பல நாடுகளுக்கு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்ற கோட்டா முறை 2004 முடிய நடைமுறையில் இருந்ததால், ஏற்றுமதியாளருக்கு எழுத்து வேலையும் பெருகியது.

தமிழ்நாட்டின் பிற தொழில் நகரங்களைப் போலவே இங்கும் டிபேஸ், கிளிப்பர், பாக்ஸ்பேஸ், பாக்ஸ்புரோ ஆகியவையே அலுவலக நிரல்களின் மொழிகளாயின. டிபேஸை உருவாக்கியவர் அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய வேய்ன் ராட்லிஃப். பட்டியல்களை எளிதில் எழுதவும் தேடவும் அது உதவியது. கிளிப்பர் 1985-இல் வெளிவந்தது. எழுதிய நிரலை அது தனித்து ஓடும் கோப்பாக மாற்றித் தந்தது.

டிபேஸ் 3-இல் பொது நிரல்களை ஒரே கோப்பில் சேர்த்துவைக்க வசதி இருந்தது. ஆனால் ஒரு கோப்பில் 32 துணைநிரல்களுக்கு மேல் வைக்க இயலாது. டாஸ் இயக்கமுறையில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்கவேண்டும். அதன்பின் மூன்றெழுத்து ஒட்டு. இந்த எட்டு எழுத்துக்குள்தான் பதிப்பு வரலாறு முழுவதையும் அடக்க முயன்றனர். சேலரி என்பது சேலரி 1 ஆகும். பிறகு சால்நியூ, சால்நியூ 2 என்று போகும். எது கடைசியாக ஓடியது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அதுவும் தெரியாது. நிரலாளர் பிளாப்பித் தட்டில் நிரலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நேரில் செல்வார். அவர் கேட்ட சிறு மாற்றத்தை அங்கேயே உட்கார்ந்து செய்வார். இப்படிப் பத்து நிறுவனங்களில் பத்து விதமாக ஒரே நிரல் வளரும்.

படியா, பகிர்வா?

பொது நிரலைப் பயன்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு நிரலும் தனக்கென ஒரு படி எடுத்துக்கொள்வது. மற்றொன்று, எல்லா நிரல்களும் ஓடும்போது ஒரே மூலத்தை நாடுவது.

கிளிப்பர் முதல் வழியைச் சேர்ந்தது. பொது நிரல்கள் ஓடும் கோப்புக்குள்ளேயே இணைக்கப்பட்டுவிடும். நன்மை என்னவெனில், ஒரு நிரலில் செய்த மாற்றம் மற்றொன்றைத் தொடாது. நேற்று ஓடியது இன்றும் ஓடும். தீமை என்னவெனில், பிழை ஒன்றைத் திருத்தினால் சம்பள நிரல், போனஸ் நிரல், கணக்கு முடிக்கும் நிரல் என்று எல்லாவற்றையும் மீண்டும் இணைத்துத் தரவேண்டும். ஒன்றை மறந்தால் பழைய பிழை அங்கே உயிரோடு இருக்கும். டிபேஸின் பொதுக்கோப்பும் பின்னாளில் விண்டோஸில் வந்த பொது நூலகக் கோப்புகளும் இரண்டாம் வழியைச் சேர்ந்தவை. ஓரிடத்தில் திருத்தினால் எல்லாம் திருந்தும். ஓரிடத்தில் கெட்டால் எல்லாம் கெடும்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். இ.எஸ்.ஐ. சந்தாவில் பைசா மிஞ்சினால் அடுத்த முழு ரூபாய்க்கு உயர்த்துவது விதி. பி.எப். கணக்கிலோ அருகிலுள்ள ரூபாய்க்குச் சரிசெய்வர். மாதம் 11,510 ரூபாய் பெறும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். இரு கணக்குக்கும் அத்தொகையே அடிப்படை எனக் கொள்வோம். பி.எப். 12 சதவீதம் 1,381 ரூபாய் 20 பைசா. எனவே பிடித்தம் 1,381. இ.எஸ்.ஐ. 1.75 சதவீதமாக இருந்தபோது கணக்கு 201 ரூபாய் 42 பைசாவுக்குச் சற்று மேல். எனவே பிடித்தம் 202.

ரூபாய்க்குச் சரிசெய்யும் துணைநிரல் ஒன்றே ஒன்று இருக்கிறது; இரு கணக்கும் அதையே அழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ. தொகை ஒரு ரூபாய் குறைவாக வருவதைக் கண்ட ஒருவர், அத்துணைநிரலை மேல்நோக்கி உயர்த்தும்படி மாற்றுகிறார். இ.எஸ்.ஐ. சரியாகிவிடும். ஆனால் அதே கணத்தில் பி.எப். பிடித்தம் 1,382 ஆகிவிடும். 50 பைசாவுக்குக் குறைவாக மிஞ்சும் ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கிலும் ஒரு ரூபாய் ஏறும். திருத்தியவர் பி.எப். நிரலைத் தொடவே இல்லை. ஆகவே அதைச் சோதித்துப் பார்க்கவும் அவருக்குத் தோன்றாது. பொது நிரலை மாற்றுவதற்குமுன் அதை யார் யார் அழைக்கிறார்கள் என்று அறியவேண்டும் என்பதன் காரணம் இதுவே. சரியான திருத்தம் என்பது, பழைய துணைநிரலை அப்படியே விட்டுவிட்டு, மேல்நோக்கி உயர்த்தும் வேறொன்றைப் புதுப்பெயரில் எழுதுவதாகும்.

சட்டம் மாறும் நாள்

இதைவிடக் கடினமான சோதனை விதிகள் மாறும் நாளில் வருகிறது. பி.எப். சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் 6,500-லிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. உச்சவரம்பு அளவில் பிடிக்கும் 12 சதவீதம் 780-லிருந்து 1,800 ஆனது. இ.எஸ்.ஐ.-யில் தொழிலாளியின் பங்கு 2019 ஜூலை 1 முதல் 1.75-லிருந்து 0.75 சதவீதமாகக் குறைந்தது. மேற்சொன்ன தொழிலாளிக்கு 202 ரூபாய் 87 ரூபாயாகிவிட்டது.

நிரலில் 1.75 என்ற எண்ணை அழித்து 0.75 என்று எழுதினால் போதும் என்று தோன்றும். ஜூலை மாதச் சம்பளம் சரியாகத்தான் வரும். ஆனால் கடன் விண்ணப்பத்துக்காக ஒரு தொழிலாளி மே மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டால், நிரல் அதை மறுபடி கணக்கிட்டு 87 என்று அச்சிடும். உண்மையில் அவரிடம் பிடித்தது 202. அலுவலக ஏடு ஒன்று சொல்லும். சீட்டு வேறொன்று சொல்லும்.

சட்டம் பின்னோக்கி நடப்பதும் உண்டு. போனஸ் சட்டத் திருத்தம் 2016 ஜனவரி முதல் நாள் அரசிதழில் வெளிவந்தது. ஆனால் 2014 ஏப்ரல் 1 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளவேண்டும் என்றது. தகுதி வரம்பு 10,000-லிருந்து 21,000 ரூபாயானது. கணக்கிடும் மாதச் சம்பள அளவு 3,500-லிருந்து 7,000 அல்லது குறைந்தபட்சக் கூலி, இவற்றில் எது அதிகமோ அது என்றானது. ஆண்டு முழுதும் உழைத்தவருக்கு 8.33 சதவீத போனஸ் பழைய கணக்கில் ஏறக்குறைய 3,499 ரூபாய்; புதிய கணக்கில் குறைந்தது 6,997 ரூபாய். கொடுத்து முடித்த போனஸுக்கு வித்தியாசம் காணவேண்டுமானால் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே நேரத்தில் கையில் இருக்கவேண்டும். பழையதன்மேல் புதியதை எழுதிவிட்டவர் என்ன செய்வார்?

அண்மைய உதாரணம் விற்பனைப் பக்கத்தில் இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, ஓர் உருப்படி 1,000 ரூபாய்க்கு மேற்படாத ஆடைகளுக்கு 5 சதவீதமும், மேற்பட்டவற்றுக்கு 12 சதவீதமும் வரி விதித்தனர். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லை 2,500 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேற்பட்டால் 18 சதவீதம். ஆகஸ்டில் 1,200 ரூபாய்க்கு விற்ற சட்டைக்கு வரி 144 ரூபாய்; அக்டோபரில் விற்றால் 60 ரூபாய். ஆகஸ்டில் வாங்கியவர் அக்டோபரில் சரக்கைத் திருப்பி அனுப்பினால், கழிவுச் சீட்டில் பழைய 144-ஐத்தான் குறைக்கவேண்டும். ஆக, ஒரே நாளில், ஒரே மேஜையில் இரு விதிகளும் உயிரோடு இருக்கின்றன.

இந்நிகழ்ச்சிகள் கற்பிக்கும் பாடம் ஒன்றே. மாறக்கூடிய எண்ணை நிரலின் வரிகளுக்குள் புதைக்கலாகாது. எந்தத் தேதி முதல் எந்த விகிதம் என்று தனிப் பட்டியலில் எழுதி, கணக்கிடும்போது சம்பளம் அல்லது விற்பனை நடந்த தேதியைக் கொண்டு தேடவேண்டும். விகிதம் மாறினால் பட்டியலில் ஒரு வரி சேரும், எதுவும் அழியாது. கணக்கிடும் முறையே மாறினால் மட்டும் நிரலின் புதிய பதிப்பு வேண்டும்.

மாற்றங்களின் பேரேடு

நிரலின் பதிப்புகளைப் பாதுகாப்பதற்கே ஒரு நிரல் எழுதலாம் என்ற எண்ணம் 1972-இல் செயலுக்கு வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ரோச்கைண்ட் அமைத்த எஸ்.சி.சி.எஸ். என்ற முறை, நிரலின் எல்லாப் பதிப்புகளையும் ஒரே கோப்பில் வைத்தது. முழுப்படிகளைச் சேர்க்காமல், எந்த வரி எப்போது சேர்ந்தது, எப்போது நீங்கியது என்பதை மட்டும் குறித்தது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதையும் எழுதச் சொன்னது. 1982-இல் வால்ட்டர் டிக்கி உருவாக்கிய ஆர்.சி.எஸ்., கடைசிப் பதிப்பை முழுமையாக வைத்து, பழையவற்றைப் பின்னோக்கிய மாற்றங்களாகக் குறித்தது; அதிகம் தேவைப்படுவது கடைசிப் பதிப்பே அல்லவா? 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட், முழு வரலாற்றையும் ஒவ்வொருவரிடமும் ஒரு படியாகத் தந்தது. கணக்குப்பிள்ளை பேரேட்டில் அழிக்காமல், எதிர்ப்பதிவு போட்டுத் திருத்தும் பழக்கத்தை இவை நினைவூட்டுகின்றன.

ஆனால் சிறு நகர அலுவலகங்களுக்கு இவை எளிதில் வந்து சேரவில்லை. அங்கே நிரல் எழுதியவர் பெரும்பாலும் ஒருவரே. வரலாறு அவர் நினைவில் இருந்தது. இதனால் வரும் பேரிழப்பு ஒன்று உண்டு. ஓடும் கோப்பு மட்டும் கணிப்பொறியில் இருக்கும். அதன் மூல வரிகள் இருந்த பிளாப்பித் தட்டு பூஞ்சை பிடித்திருக்கும். மூலம் இல்லாத நிரலைத் திருத்துவது மிகக் கடினம். பாக்ஸ்புரோவின் கடைசி வடிவத்துக்கு மைக்ரோசாப்ட் அளித்த ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்துவிட்டது. மொழி ஓய்வு பெற்ற பின்னும் அதில் எழுதிய நிரல்கள் ஓய்வு பெறுவதில்லை.

மாணவர்கள் செய்யக்கூடியது

பழைய நிரலைப் பேணும் பொறுப்பு நம்மில் பலருக்கு என்றாவது வரலாம். அதற்குப் பெரிய பொருட்செலவு தேவையில்லை. முதலில் மூல வரிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டு, ஓடும் கோப்புடன் அவை பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு பொது நிரலுக்கும் எண்ணும் தேதியும் இட்டு, அதை அழைக்கும் நிரல்களின் பட்டியலை எழுதவேண்டும். விடை தெரிந்த சில பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்துவைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அவற்றை மறுபடி போட்டுப் பார்க்கவேண்டும். 202 வரவேண்டிய இடத்தில் 87 வந்தால், பிழை சம்பள நாளுக்கு முன்பே பிடிபட்டுவிடும். கிட் போன்ற முறைகள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன; முப்பது ஆண்டுப் பழைய நிரலையும் அவற்றில் வைக்கலாம்.

ஷிப்டு முடிந்து சம்பளச் சீட்டை வாங்கும் தொழிலாளிக்கு நிரல் நூலகம் என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கிடைக்கும் மருந்தும், தீபாவளி போனஸும் அந்த நூலகத்தில் உள்ள சில வரிகளின் வழியேதான் வருகின்றன. கேம்பிரிட்ஜ் அலமாரியில் நாடாவைச் சோதித்துவிட்டு அடுக்கியவர்கள் காட்டிய கவனம் அந்த வரிகளுக்கும் வேண்டும்.